‘டாப்பிக்கல்’ என்ற ஆங்கிலச் சொல்: பொருள், புழக்கம், பக்கத்துச் சொற்கள் – முழுமையான வழிகாட்டி

தோல் டாக்டர் எழுதித் தரும் களிம்புக் குழாயைத் திருப்பிப் பார்த்தால் ‘ஃபார் டாப்பிக்கல் யூஸ் ஒன்லி’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். ஆங்கிலப் பேப்பரில் சினிமா விமர்சனம் படித்தால் ‘எ ஹைலி டாப்பிக்கல் ஃபிலிம்’ என்று வரும். களிம்புக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு என்று அகராதியைத் திறந்தால், பல அகராதிகளில் ‘தலைப்பு சார்ந்த’ என்பதுதான் முதலில் நிற்கும். அது இரண்டு இடத்திலும் ஒட்டாது.

‘இன்றைக்குப் பொருந்துகிற’ என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. கரண்ட், அப்-டு-டேட், ரீசன்ட், டைம்லி, ரெலவன்ட், கன்டெம்பரரி எல்லாம் நமக்குப் பழக்கம். டாப்பிக்கல் அவ்வளவு பழக்கமில்லை. அதனால் அது வர வேண்டிய இடத்தில் கரண்டைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறோம். இதை எங்கே, எப்படிப் போடுவது என்று படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

படி 1: எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்து ஏழு: டி, ஓ, பி, ஐ, சி, ஏ, எல். மியூசிக்கிலிருந்து மியூசிக்கல், லாஜிக்கிலிருந்து லாஜிக்கல் வந்த மாதிரி டாப்பிக்கிலிருந்து டாப்பிக்கல். நடுவில் வருவது ‘பேப்பர்’ என்பதில் உள்ள ப். ‘பாபு’வில் உள்ள ப் அல்ல. அழுத்தம் முதல் அசையில் விழும். கடைசி ‘கல்’லை நாம் கல்லாகவே உருட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே உயிரெழுத்து கிட்டத்தட்ட விழுங்கப்பட்டு ‘க்ல்’ என்று முடியும்.

இதன் உடன்பிறப்பு மாதிரித் தோற்றம் தருகிற இரண்டு சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘டிப்பிக்கல்’ என்றால் வழக்கமான, வகைக்கு எடுத்துக்காட்டான. ‘டிராப்பிக்கல்’ என்றால் வெப்பமண்டலத்துக்குரிய. வானிலை அறிக்கையில் ‘டிராப்பிக்கல் சைக்ளோன்’ என்று வருமே, அது. நடுவில் ஓர் ‘ஆர்’ எழுத்து கூடிப்போனால் ‘டாப்பிக்கல் டிஸ்கஷன்’ வெப்பமண்டல விவாதமாகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

படி 2: வேர் எங்கே போகிறது

கிரேக்கத்தில் ‘டோபோஸ்’ என்றால் இடம். டோபோகிராஃபி என்று புவியியல் பாடத்தில் படித்தது இதிலிருந்து வந்ததே. 1516இல் தாமஸ் மோர் தன் கற்பனைத் தீவுக்கு ‘யுடோப்பியா’ என்று பெயர் வைத்ததும் இதை வைத்துத்தான். ‘இல்லாத இடம்’ என்று பொருள். வாதம் செய்கிறவர் தனக்கு வேண்டிய கருத்தை எந்தெந்த ‘இடங்களில்’ தேடி எடுக்கலாம் என்று அரிஸ்டாட்டில் ஒரு நூல் எழுதினார். அந்த நூலின் தலைப்பு வழியாக வந்ததுதான் இன்றைய டாப்பிக்.

இப்போது களிம்பும் சினிமாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது புரியும். உடம்பில் ஓர் இடத்தில் போடுவது டாப்பிக்கல் மருந்து. ஊர்ப் பேச்சில் ஓர் இடம் பிடித்துக்கொண்டது டாப்பிக்கல் விஷயம். இரண்டில் மருத்துவப் பொருளே மூத்தது. நாட்டு நடப்போடு ஒட்டியது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில், பத்திரிகைகள் பெருகிய காலத்தில் வந்து சேர்ந்தது.

படி 3: மையப் பொருளைப் பிடிப்பது

இந்த ஒரு படியைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். டாப்பிக்கல் என்ற சொல் ஒரு பொருளின் வயதைச் சொல்வதில்லை, முக்கியத்துவத்தையும் சொல்வதில்லை. அது இந்த நேரத்தில் ஜனங்களின் வாயில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்கிறது.

முதலில் வயது. ஆல்பர் காம்யு 1947இல் வெளியிட்ட பிளேக் நாவலில் ஒரு நகரம் கொள்ளைநோயால் அடைபட்டுக் கிடக்கும். 2020இல் உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது அந்த நாவல் பல நாடுகளில் மறுபடி பரபரப்பாக விற்றது. எழுபது வருஷத்துக்கு மேல் பழைய புத்தகம். ஆனால் அந்த வருஷம் அதைவிட டாப்பிக்கலான நாவலைக் காட்டுவது கஷ்டம். மறுபக்கம், நேற்று ரிலீஸான கல்லூரிக் காதல் படம் புத்தம் புதுசு. அதில் ஊரார் பேசிக்கொண்டிருக்கும் எதுவுமே இல்லையென்றால் அது ‘நியூ’, டாப்பிக்கல் அல்ல.

அடுத்து முக்கியத்துவம். சென்னையின் ஏரி ஆக்கிரமிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் அது டாப்பிக்கல். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். 2015 வெள்ளத்தை எல்லோரும் நினைவுபடுத்திக்கொண்டிருப்பார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள். அதே கட்டுரை பிப்ரவரியில் வந்தால்? ஏரி அங்கேதான் இருக்கும், ஆக்கிரமிப்பும் அப்படியே இருக்கும். பேச்சு மட்டும் தண்ணீரோடு சேர்ந்து வடிந்திருக்கும். அப்போதும் அந்தக் கட்டுரை ‘இம்பார்ட்டன்ட்’. ஆனால் டாப்பிக்கல் என்று சொல்ல முடியாது.

‘டிரெண்டிங்’ வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை டான்ஸ் ஆடும் வீடியோ ஒரே நாளில் லட்சக்கணக்கான போன்களில் ஓடினால் அது டிரெண்டிங். அது எண்ணிக்கைக் கணக்கு. டாப்பிக்கல் என்றால் பொதுவாக நாட்டு நடப்பில் ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டும்: தேர்தல், விலைவாசி, நீதிமன்றத் தீர்ப்பு, கிரிக்கெட் உலகக் கோப்பை என்று ஏதாவது ஒன்று.

‘டாப்பிக்கல் ரெஃபரன்ஸ்’, ‘டாப்பிக்கல் ஜோக்’ என்ற தொடர்களைப் புரிந்துகொள்ள நம் தெருக்கூத்தே போதும். பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கும். துரியோதனன் சபையில் கொந்தளித்துக்கொண்டிருப்பான். கட்டியங்காரன் நடுவில் புகுந்து, கூட்டத்தைப் பார்த்து, அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடாததைப் பற்றி ஒரு நக்கல் விடுவான். முன்வரிசையில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். மகாபாரதத்தில் மோட்டார் ஏது? அந்த ஒரு வரிதான் டாப்பிக்கல் ரெஃபரன்ஸ். அடுத்த ஊரில் அது எடுபடாது. அடுத்த வருஷம் அதே ஊரிலும் எடுபடாது. இந்தச் சொல்லுக்குள் காலாவதி தேதி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரு படைப்பை ‘மியர்லி டாப்பிக்கல்’ என்று எழுதினால் லேசான இளக்காரமும் சேர்ந்துகொள்கிறது: இன்றைக்குக் கைதட்டல் வாங்கும், நாளைக்கு நிற்காது என்று அர்த்தம்.

தமிழில் ஒரே சொல்லால் இதைப் பெயர்த்துவிட முயல வேண்டாம். ‘நாட்டு நடப்போடு ஒட்டிய’, ‘இப்போது பேசப்படுகிற’, ‘காலத்துக்கேற்ற’ என்று இடம் பார்த்துப் போடலாம். இவற்றில் முதலாவதுதான் அதிக இடங்களில் கச்சிதமாக உட்காருகிறது என்பது என் கருத்து.

படி 4: பக்கத்துச் சொற்களிலிருந்து பிரிப்பது

அதிகம் குழம்புவது கரண்டோடு. தமிழ்நாட்டில் கரண்ட் என்றால் மின்சாரம் என்றே ஆகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அதன் வேர் ‘ஓடுகிற’ என்பது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது, நடைமுறையில் இருப்பது கரண்ட். வங்கியில் நடப்புக் கணக்கு, டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் நடப்பு நிகழ்வுகள், பட்ஜெட்டில் நடப்பு நிதியாண்டு என்று ‘நடப்பு’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது. உங்கள் இப்போதைய முகவரி ‘கரண்ட் அட்ரஸ்’. அதை ‘டாப்பிக்கல் அட்ரஸ்’ என்று சொன்னால், உங்கள் வீட்டைப் பற்றி ஊரே பேசுகிறது என்று ஆகிவிடும். அமலில் இருக்கிறதா என்று கேட்டால் கரண்ட், பேச்சில் இருக்கிறதா என்று கேட்டால் டாப்பிக்கல்.

அப்-டு-டேட் என்பது கடைசித் தகவல்வரை சேர்த்தாகிவிட்டது என்ற பொருள். வாக்காளர் பட்டியல், போன் செயலி, கடைக் கணக்கு நோட்டு எல்லாம் அப்-டு-டேட்டாக இருக்கலாம். அதனாலேயே டாப்பிக்கலாகிவிடாது. எழுதும்போது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இடையில் சிறு கோடு போடுவார்கள். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் கோடு இல்லாமல் மூன்று சொல்லாக எழுதுவார்கள்.

டைம்லி என்பதற்கு நம்மிடம் குறளே இருக்கிறது. ‘காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது.’ அந்தக் ‘காலத்தினால் செய்த’ என்பதே டைம்லி. தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்தது என்பது பொருள். ‘லி’ என்று முடிவதால் இதை வினையடையாக நினைத்து ‘ஹி கேம் டைம்லி’ என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. டைம்லி பெயரடை, ‘டைம்லி ஹெல்ப்’ சரி, வந்ததைச் சொல்ல ‘ஹி கேம் ஆன் டைம்’ என்று போங்கள்.

ரெலவன்ட் என்றால் எதற்கோ சம்பந்தப்பட்டது. பெரும்பாலும் பின்னால் ‘டு’ வரும், அல்லது எதற்கு என்பது சூழலிலேயே தெரியும். டாப்பிக்கல் அப்படி எதையும் எதிர்பார்க்காது. ‘டாப்பிக்கல் டு ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுத வேண்டாம். அங்கே உங்களுக்கு வேண்டியது ரெலவன்ட்.

கன்டெம்பரரியில் ஒரு பொறி உண்டு. தனியாக வந்தால் ‘சமகால’. ‘பாரதியின் கன்டெம்பரரி’ என்று வந்தால் பாரதி காலத்தவர் என்று பொருள், நம் காலத்தவர் அல்ல. ரீசன்ட் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை; சமீபத்தில் நடந்து முடிந்தது, அவ்வளவுதான்.

படி 5: வாக்கியத்தில் உட்கார வைப்பது

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும்: ‘எ டாப்பிக்கல் இஷ்யூ’. வினைச்சொல்லுக்குப் பின்னாலும் வரும்: ‘தி பிளே இஸ் வெரி டாப்பிக்கல்’. கூட்டிச் சொல்ல வெரி, மோர் இரண்டும் சேரும்; ஆனால் ஆங்கிலக் காதுக்கு மிகவும் பிடித்த ஜோடி ‘ஹைலி டாப்பிக்கல்’. டிபேட், ஜோக், ஹியூமர், காமெடி, ரெஃபரன்ஸ், ஸப்ஜெக்ட், இஷ்யூ இவற்றோடு இயல்பாகப் போகும். ‘எ மேட்டர் ஆஃப் டாப்பிக்கல் இன்ட்ரஸ்ட்’ என்று கொஞ்சம் கம்பீரமாகவும் எழுதலாம்.

ஆளுக்குப் போட வேண்டாம். ஒரு தலைவர் செய்தியில் அடிபடுகிறார் என்பதற்காக ‘ஹி இஸ் டாப்பிக்கல்’ என்று எழுதினால் உறுத்தும். அவர் பேச்சு டாப்பிக்கலாக இருக்கலாம், அவர் ‘இன் தி நியூஸ்’. அதே மாதிரி ‘டாப்பிக்கல் டாப்பிக்’ என்பது இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் நடுசென்டர் மாதிரி கேட்கும். டாப்பிக்கை எடுத்துவிட்டு ஸப்ஜெக்ட்டைப் போடுங்கள்.

இதன் எதிர்ச்சொல் ‘ஆஃப்-டாப்பிக்’ என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. ஆஃப்-டாப்பிக் என்றால் பேசிக்கொண்டிருந்ததை விட்டு விலகியது. டாப்பிக்கலுக்கு எதிரே நிற்பவை ‘டேட்டட்’ (காலம் கடந்து மங்கியது), ‘டைம்லெஸ்’ (எந்தக் காலத்துக்கும் நிற்பது). பெயர்ச்சொல் ‘டாப்பிக்காலிட்டி’; எழுத்தில் வரும், பேச்சில் அரிது. பேச்சில் டாப்பிக்கலேகூடக் கொஞ்சம் படித்த வாடை அடிக்கிற சொல்தான். நண்பர்களிடம் பேசும்போது ‘எவ்ரிபடி இஸ் டாக்கிங் அபவுட் இட்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

படி 6: நிஜ உலகில் எங்கே கண்ணில் படும்

பிரிட்டிஷ் மக்களவையில் ‘டாப்பிக்கல் கொஸ்டின்ஸ்’ என்று ஒரு பகுதி 2007இலிருந்து இருக்கிறது. அமைச்சரிடம் கேட்கும் வழக்கமான கேள்வியைச் சில நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பகுதியில் உறுப்பினரின் பெயர் மட்டும் குலுக்கலில் வரும். கேள்வி அந்த இடத்தில்தான் வெளிவரும். நேற்று ராத்திரி வெடித்த விவகாரத்தையும் கேட்டுவிடலாம் என்பதால் அந்தப் பெயர். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்திலும் செவ்வாய்க்கிழமைகளில் இதே பெயரில் ஒரு நேரம் உண்டு. நம் மக்களவையில் கேள்வி நேரக் கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், சுடச்சுட வரும் விஷயங்கள் ஜீரோ ஹவருக்குப் போகின்றன. தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதற்கு ‘நேரமில்லா நேரம்’ என்று பெயர். யார் வைத்தாரோ, அருமையான பெயர்.

இந்தியாவில் இந்தச் சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டது அமுல் வெண்ணெய் விளம்பரம். புள்ளி போட்ட கவுன் அணிந்த அந்தச் சிறுமி 1966இலிருந்து விளம்பரப் பலகையில் நிற்கிறாள். கிரிக்கெட் வெற்றி, தேர்தல் முடிவு, புதுப் படம் என்று எது பேச்சாக இருக்கிறதோ, அதை வைத்துச் சிலேடையாக ஒரு வரி. இந்தப் படங்கள் ஒவ்வொன்றையும் ‘டாப்பிக்கல்’ என்றே அந்த நிறுவனம் அழைக்கிறது. விளம்பரத் துறையில் ‘ஒரு டாப்பிக்கல் பண்ணுவோம்’ என்று யாராவது சொன்னால் இந்த மாதிரி ஒன்றைத்தான் சொல்கிறார்.

சினிமா பேசாத காலத்தில் பிரிட்டனில் ‘டாப்பிக்கல் பட்ஜெட்’ என்ற செய்திப்படம் 1911 முதல் 1931 வரை திரையரங்குகளில் ஓடியது. இங்கே பட்ஜெட் வரவு செலவு அல்ல, செய்தி மூட்டை. பழைய பிரெஞ்சில் சிறு தோல்பை என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது.

‘தலைப்பு வாரியான’ என்ற அர்த்தமும் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது; இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று தபால்தலை சேகரிப்பு. பறவை, ரயில், விண்வெளி என்று ஒரே விஷயத்தில் சேர்ப்பதை அமெரிக்காவில் டாப்பிக்கல் கலெக்டிங் என்பார்கள். 1949இல் தொடங்கிய அமெரிக்கன் டாப்பிக்கல் அசோசியேஷன் என்ற சங்கமே இருக்கிறது. பிரிட்டனில் அதைத் தீமேட்டிக் என்கிறார்கள். இன்னொன்று சிங்கப்பூர்ப் புத்தகக் கடை. அங்கே ‘டாப்பிக்கல் டெஸ்ட் பேப்பர்ஸ்’ என்று அட்டையில் இருந்தால் அண்மைச் செய்திகளைத் தேடாதீர்கள். பாடத்தலைப்பு வாரியாகப் பிரித்த பயிற்சித் தாள்கள் அவை.

படி 7: மருந்துக் குழாயில் இருப்பது

இங்கே அர்த்தம் நேரடி: போடும் இடத்தில் வேலை செய்ய, மேலுக்குப் போடுவது. ‘உள்ளுக்குச் சாப்பிடுவது, மேலுக்குப் பூசுவது’ என்று நம் வீடுகளில் பிரித்துச் சொல்வதும், சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருப்பதும் கிட்டத்தட்ட இதே கோடுதான். எழுத்துத் தமிழில் ‘மேற்பூச்சு’ நன்றாகப் பொருந்தும். ஆனால் டாப்பிக்கல் பூச்சு மட்டுமல்ல. கண்ணில் விடும் சொட்டு மருந்தும் டாப்பிக்கலில் சேர்த்தி. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைக் கறாராகப் பார்த்தால் சேர்க்க மாட்டார்கள். ஒட்டுவது தோலில் என்றாலும் அதன் வேலை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க நடக்கிறது.

செய்திப் பொருளுக்கும் இதற்கும் இலக்கணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. சினிமாவை ‘வெரி டாப்பிக்கல்’ எனலாம். களிம்பை அப்படிச் சொல்ல முடியாது. மேலுக்குப் போடுவது என்றால் மேலுக்குத்தான், அதில் கூடக் குறைய கிடையாது. முன்னால் வெரி போட முடிகிறதா என்று பார்த்தே எந்தப் பொருள் என்று கண்டுபிடித்துவிடலாம். ‘அப்ளை டாப்பிக்கலி’ என்ற வினையடையும் மருத்துவத்தில்தான் அதிகம்.

பல் டாக்டரிடம் போனால் டாப்பிக்கல் அனஸ்தீசியா, லோக்கல் அனஸ்தீசியா இரண்டும் காதில் விழும். ஈறில் முதலில் தடவும் மரமரப்பு ஜெல் டாப்பிக்கல்; அப்புறம் போடும் ஊசி லோக்கல்.

‘டாப்பிக்கல் ஸ்டீராய்டு’ என்று குழாயில் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். முகம் வெளுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் பூசித் தோல் மெலிந்தவர்கள் நிறைய. 2018இல் இப்படிப்பட்ட பதினான்கு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது. எவ்வளவு பூசுவது என்பதற்கு டாக்டர்கள் விரல்நுனி அளவு சொல்வார்கள்: பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்புக்குப் போதும்.

படி 8: கொஞ்சம் பயிற்சி

பின்வரும் இடங்களில் எந்தச் சொல் என்று யோசித்துவிட்டுப் படியுங்கள்.

பாஸ்போர்ட் படிவத்தில் இப்போது குடியிருக்கும் வீடு: கரண்ட். மேட்டூர் அணை ஜூன் 12 திறக்குமா என்று டெல்டா முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் வாரத்தில் வந்த தலையங்கம்: டாப்பிக்கல். அதே அணையின் இன்றைய நீர்மட்டம்வரை ஏற்றி வைத்திருக்கும் அட்டவணை: அப்-டு-டேட். முதல் மழைக்கு முந்தின நாள் மொட்டை மாடி வெடிப்பை அடைத்துவிட்டுப் போன கொத்தனாரின் வேலை: டைம்லி. வெங்காய விலை ஏறிய வாரத்தில் பட்டிமன்றப் பேச்சாளர் அடித்த ஜோக்: டாப்பிக்கல், அடுத்த தீபாவளி மலரில் அதையே அச்சிட்டால் டேட்டட்.

கடைசியாக ஒன்று. சாதிக் கொடுமையைப் பற்றி 1950களில் எழுதிய ஒரு நாடகத்தை இன்றைக்கு மேடையேற்றுகிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரி விமர்சனம் எழுத வேண்டும். டாப்பிக்கலா, ரெலவன்ட்டா? அந்த வாரம் ஒரு சம்பவம் நடந்து மாநிலமே அதைப் பேசிக்கொண்டிருந்தால் டாப்பிக்கல். யாரும் பேசாத வாரமாக இருந்தால் ‘ஸ்டில் ரெலவன்ட்’ என்று எழுதுங்கள்.